அறுபத்தாறு கிலோ இருநூறு

"பயணச்சீட்டை உள்ளங்கைக்குள் இறுக்கி வைத்திருந்தாள், அதையும் யாராவது பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்பதுபோல. உதடுகள் மட்டும் அசைந்தன. மாதாவிடம் எதையோ கேட்டுக்கொண்டிருந்தாள்."

என் சிறுகதைத் தொகுப்பில் நான்காவது கதை இப்படித்தான் முடியும். எழுதி முடித்த ராத்திரி எனக்கே கண் கலங்கியது. வெளியீட்டுக் கூட்டத்தில் பேசிய மூன்று பேரில் இரண்டு பேர் இந்த வரிகளை வாசித்துக் காட்டினார்கள். ஒருவர் வாசித்துவிட்டுத் தண்ணீர் குடித்தார். இப்போது அந்தப் பக்கத்தைத் திறந்தாலே காது சூடாகிறது. எட்டு மாதமாக யாரிடமாவது இதைச் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தேன்.

என் பிழைப்பு பள்ளிக்கூட நோட்டு விற்பது. பதினாலு வருஷமாக நாகர்கோவில் வடசேரியில் பஸ் ஏறி ஆரல்வாய்மொழிக் காற்றாடிகளிலிருந்து நீரோடிக் கடற்கரை வரை பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய் ஆர்டர் எடுக்கிறேன். பைக் உண்டு. ஆனால் சாம்பிள் மூட்டையோடு பைக்கில் போனால் முதுகு போய்விடும், பஸ்ஸில் போனால் கதை கிடைக்கும். கடைசிக்கு முந்தின வரிசையில் உட்கார்ந்து ஏறுகிறவர்களையும் இறங்குகிறவர்களையும் பார்த்து, பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் குறித்துக்கொள்வேன். அப்படிச் சேர்ந்ததுதான் பன்னிரண்டு கதைகள். பூக்கூடையோடு தோவாளையில் ஏறுகிறவர், பேச்சிப்பாறைப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டி முடித்துப் பத்து மணிக்கே அன்றைய வேலையை முடித்துவிட்ட கணவன் மனைவி, களியக்காவிளையில் இறங்கி நாலு எட்டில் வேறு மாநிலத்துக்குள் போய் டீ குடித்துவிட்டு வருகிற கிழவர். 1956 நவம்பர் 1ஆம் தேதிக்கு முன்னால் இந்த எல்லை இங்கே இல்லை என்பதை அந்தக் கிழவர் எனக்கு மூன்று தடவை சொன்னார். கதையில் ஒரு தடவைதான் வைத்தேன்.

எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தைப் பற்றி யார் மைக் பிடித்தாலும் "நானிலமும் உள்ள பூமி" என்று ஆரம்பிப்பார்கள். மலை, காடு, வயல், கடல், எல்லாம் ஒரே நாளில் பார்த்துவிட்டு ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். பதிப்பாளர் அதையே பின்னட்டையில் போடுகிறேன் என்றபோது நானும் தலையாட்டினேன். "பயணியின் கண்கள் கண்ட மனிதர்கள்" என்று அதன் கீழே ஒரு வரி. இந்த 'கண்கள் கண்ட' என்பதில்தான் கோளாறு இருந்தது.

வாசித்தவர்களில் ஒரே ஒரு நண்பர், கோட்டாறில் கடை வைத்திருப்பவர், வேறு மாதிரி சொன்னார். "ஓய், உம்ம கதையில ஒருத்தனும் சிரிக்க மாட்டாம்லா? பன்னிரண்டு கதையிலயும் எல்லாவனும் சன்னலுக்கு வெளிய பாத்துக்கிட்டே வாறான்." அவருக்கு இலக்கியம் அவ்வளவு போதாது என்று நினைத்துக்கொண்டேன்.

கருங்கல் பஸ்

மார்த்தாண்டத்தில் சாயங்காலம் ஐந்தரைக்குக் கருங்கல் பஸ் ஏறினால் பாதிக்கு மேல் அண்டியாபீஸ் பெண்கள்தான். வெளியூர் வாசகருக்கு மட்டும் ஒரு வார்த்தை: முந்திரிப்பருப்பு ஆலைக்கு எங்கள் ஊர்ப் பெயர் அது. கொட்டையை வறுத்து, தல்லி ஓட்டை உடைத்து, பருப்பின் தோலை எடுத்து, தரம் பிரிப்பதுவரை பெரும்பாலும் பெண்களின் கை. தல்லுகிறவர்களை விரலைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஓட்டில் இருக்கிற எண்ணெய் தோலைச் சுட்டுக் கறுப்பாக்கிவிடும், சோப்புக்குப் போகாது. நான்காவது கதையின் பெண்ணை அந்தக் கையை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். பல மாதம் அதே பஸ்ஸில் அவரைப் பார்த்திருக்கிறேன். நடுவரிசை, பச்சைக் குடை, ஜவுளிக்கடைப் பை ஒன்று, மூடின கண், அசைகிற உதடு. ஒரு வார்த்தை பேசினது கிடையாது. பேசினால் கதை கெட்டுப்போகும் என்று ஒரு எண்ணம். அது என்ன எண்ணம் என்று இப்போது கேட்டால் பதில் இல்லை.

புத்தகம் வந்து மூன்று மாதம் இருக்கும். நான் ஏறி உட்கார்ந்ததும் அவர் தன் இடத்திலிருந்து எழுந்து வந்து எனக்கு முன்னால் நின்றார்.

"சாரே, அந்தப் புக்கு எழுதினது நீங்கதானா?"

மகள் பிளஸ் டூ படிக்கிறாள், பள்ளி நூலகத்திலிருந்து எடுத்து வந்திருக்கிறாள். என்னிடம் நோட்டு வாங்குகிற பள்ளிதான். நானேதான் தலைமையாசிரியரின் மேஜையில் இரண்டு பிரதி வைத்துவிட்டு வந்திருந்தேன். பச்சைக் குடை, ஜவுளிக்கடைப் பை, ஐந்தரை பஸ், இறங்குகிற இடம் எல்லாவற்றையும் மாற்றாமல் எழுதியிருந்தேன். உண்மைத்தன்மை வேண்டும் அல்லவா. மகள் வாசித்துவிட்டு "அம்மா, இது நீதான்" என்றிருக்கிறாள். பின்னட்டையில் என் படம் இருந்தது. எனக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது. கோபமாக ஏதாவது சொல்லப் போகிறார், பஸ் முழுக்கக் கேட்கப் போகிறது என்று நினைத்தேன். அவர் கோபப்படவில்லை. ஏதோ கணக்கில் பிழை கண்டுபிடித்த டீச்சர் மாதிரி நின்றார்.

"எனக்க கையி கறுப்புதான், அது செரி. ஆனா நான் ஜெபிக்கல்ல சாரே. கணக்கு கூட்டினதாக்கும்."

புரியவில்லை. பக்கத்தில் இடம் கொடுத்தேன். உட்கார்ந்து, பையிலிருந்து ரப்பர் பேண்ட் போட்ட ஒரு சின்னக் கட்டை எடுத்தார். பஸ் டிக்கெட்டுகள். 2021 மே மாதத்திலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது, ஆனாலும் கண்டக்டர் ஒரு சீட்டுக் கிழித்துக் கொடுப்பார். ஒவ்வொரு சீட்டின் பின்பக்கத்திலும் பேனாவால் ஓர் எண். அன்றைக்குத் தல்லி எடுத்த பருப்பின் எடை. அங்கே கூலி எடைக் கணக்கில். முழுப் பருப்புக்கு ஒரு விலை, உடைந்ததற்கு வேறு. சனிக்கிழமை பட்டுவாடா.

"மேஸ்திரிக்க நோட்டுல ஒரு தொகை இருக்கும், எனக்க மண்டையில ஒரு தொகை இருக்கும். ரெண்டும் ஒத்து வரல்லெங்கி நான் கேக்கணும். கேக்கணுமெங்கி எனக்கு நிச்சயம் வேணும். துண்டுச்சீட்டப் பாத்து வாசிச்சா அவரு சிரிப்பாரு. மண்டையில இருந்து கடகடன்னு சொன்னாத்தான் பயப்படுவாரு. அதுக்காக்கும் பஸ்ஸுல சொல்லிப் பாக்கது."

சொல்லியும் காட்டினார். திங்கள் 11 கிலோ 200, செவ்வாய் 10 கிலோ 800, புதன் 12 கிலோ 100, வியாழன் 9 கிலோ 700, வெள்ளி 11 கிலோ 500, சனி 10 கிலோ 900. இதைச் சொல்லும்போது கண்ணை மூடிக்கொண்டார். உதடு அசைந்தது. நான் பல மாதமாகப் பார்த்த அதே முகம். மாதாவிடம் கேட்டுக்கொண்டிருந்த முகம். "அறுபத்தாறு கிலோ எறநூறு" என்று கண்ணைத் திறந்தார். நான் அதற்குள் போனை எடுத்துக் கால்குலேட்டரைத் தேடிக்கொண்டிருந்தேன்.

கிலோவுக்கு என்ன கூலி என்பதையும் சொன்னார். எழுதக்கூடாது என்றும் சொன்னார். எழுதவில்லை.

அந்தக் கதையில் இன்னும் ஒன்று இருந்தது. மார்த்தாண்டத்தில் அவள் பஸ்ஸின் போர்டை வாசிக்கத் தெரியாமல் பக்கத்தில் நிற்கும் பள்ளிக்கூடப் பையனிடம் கேட்பாள். நான் சேர்த்தது. அப்படி ஒன்றை நான் பார்க்கவே இல்லை. கறுத்த கை என்றால் எழுத்து தெரியாது என்று பேனா தானாகவே போய்விட்டது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு அதிகமான மாவட்டம் இது, 91.75 சதவீதம். அந்த எண்ணை நோட்டு விற்பதற்கு ஒவ்வொரு பள்ளியிலும் பெருமையாகச் சொல்கிறவன் நான். அவர் அந்த இடத்தை மட்டும் கொஞ்சம் வருத்தத்தோடு சொன்னார். "நான் பத்து பாஸாக்கும் சாரே. கணக்குல எம்பத்தேழு. எனக்க பிள்ளைக்கு அது தெரியும், அவ கூட்டுகாரிகளுக்குத் தெரியாதுல்லா."

பஸ் கருங்கலை நெருங்கியபோது எழுந்துகொண்டே மேலும் சிலதைத் திருத்தினார். கதையில் அவள் தோழியை "ஏட்டி" என்று கூப்பிடுவாள். "அது ஒங்க நாரோயில் பேச்சு. நாங்க 'பிள்ளே'ன்னுதான் விளிப்போம்." பிறகு, கதையின் நடுவில் அவளுடைய வீட்டுமுற்றத்துக் கொல்லாமரத்தை, அதாவது முந்திரி மரத்தை, கடனுக்காக வெட்டுவார்கள். மரத்தோடு அவள் வாழ்க்கையும் விழுந்தது என்பதுபோல ஒரு குறியீடு. விமர்சகர்கள் ரசித்த இடம். அவர் சிரித்துவிட்டார். "நாங்க தல்லுகது ஆப்பிரிக்கா அண்டி சாரே. சாக்குல பேரு எழுதியிருக்கும், தான்சானியா, ஐவரி கோஸ்ட்டுன்னு. எனக்க முற்றத்துல நிக்கது பிலாவாக்கும்."

களைப்பின் முகம்

அன்றைக்கு ராத்திரி தொகுப்பை எடுத்து மற்ற பதினொரு கதைகளையும் வாசித்தேன். கோட்டாறு நண்பர் சொன்னது சரி. எல்லோரும் சன்னலுக்கு வெளியேதான் பார்க்கிறார்கள். பஸ்ஸில் வேறு எங்கே பார்ப்பது? காலை ஆறுக்கு எழுந்து எட்டு மணிநேரம் குனிந்து வேலை செய்தவர் சாயங்காலம் உட்கார இடம் கிடைத்தால் முகத்தைக் கழற்றிவைத்துவிட்டு உட்காருவார். நானும் அப்படித்தான். ஆர்டர் கிடைத்த நாளிலும் கிடைக்காத நாளிலும் என் முகமும் ஐந்தரை மணிக்கு ஒன்றுதான். அதைப் பார்த்து யாராவது கதை எழுதினால் எனக்கு மனைவி இல்லை என்றுகூட எழுதலாம். களைப்பைத் துக்கம் என்று எழுதிவிட்டேன். அந்த முகத்தின் மேல் எனக்குப் பிடித்த துக்கத்தை ஒட்டிவிட்டுக் கருணை என்று பெயர் வைத்துக்கொண்டேன். பயணத்தில் பிறந்த கதைகள் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு இப்போது இருக்கிற சந்தேகம் இதுதான்: பயணத்தில் ஒரு மனிதரை அவர் ஒன்றும் செய்யாமல் இருக்கிற நேரத்தில்தான் பார்க்கிறோம். தல்லும்போது அவர் எப்படி இருப்பார், மேஸ்திரியிடம் எண்ணைச் சொல்லும்போது குரல் எப்படி இருக்கும், அது பஸ்ஸில் ஏறாது.

ஏழாவது கதைதான் அதைவிட மோசம். ஒக்கிப் புயல், 2017 நவம்பர் 30. தூத்தூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஆழ்கடலுக்குப் போனவர்கள் திரும்பவில்லை. அடுத்த வாரத்தில் ஒருநாள் தேங்காப்பட்டணம் பக்கம் பஸ்ஸில் போகும்போது மணலில் ஒரு பெண் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். அரை நிமிஷம் இருக்கும். அதை வைத்து பத்துப் பக்கம் எழுதினேன். "கடல் பேசவில்லை. அவளும் பேசவில்லை" என்று ஒரு வரி. அதே டிசம்பர் முதல் வாரத்தில்தான் கடற்கரைக் கிராமங்களிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் திரண்டு வந்து குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். காணாமல்போனவர்களைத் தேடு என்று அவ்வளவு சத்தம். பெண்கள் குரல்தான் முன்னால். நானும் அன்றைக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டு பஸ்ஸைவிட்டு இறங்கி நடந்தேன், அந்தச் சத்தத்தைக் காதால் கேட்டேன். அப்படியும் கதை எழுத உட்கார்ந்தபோது பேசாத பெண்தான் வந்தாள். கத்துகிற பெண் செய்திக்கு, பேசாத பெண் இலக்கியத்துக்கு என்று எனக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று தெரியவில்லை. நிறைய வாசித்ததில் எங்கிருந்தோ ஒட்டிக்கொண்டது.

இதைச் சொன்னால் எழுத்து நண்பர்கள் உடனே ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். கதை என்பது புனைவு, நீ பார்த்த பெண் வேறு, எழுதின பெண் வேறு, அவள் ஜெபிக்கலாம், இவர் கணக்குப் போடலாம். நானும் இரண்டு வாரம் இந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். சரிதான், கதை சாட்சி வாக்குமூலம் இல்லை. ஆனால் எனக்குப் பிரச்சினை அவர் அடையாளம் கண்டுகொண்டது அல்ல, தகவல் பிழையும் அல்ல. கணக்குக் கூட்டுகிற பெண் ஜெபிக்கிற பெண்ணைவிடப் பெரிய கதை. பஸ் டிக்கெட்டின் முதுகில் எண்ணை எழுதிவைத்து, ஒரு வாரத்தை மனப்பாடம் செய்து, சனிக்கிழமை ஓர் ஆளின் முன்னால் நின்று சொல்லப்போகிற ஒருவர் மூன்று அடி தூரத்தில் உட்கார்ந்திருந்தார். நான் அதைவிடச் சின்னதைக் கற்பனை செய்திருக்கிறேன். கற்பனைக்கு இவ்வளவு சுதந்திரம் கொடுத்தும் அது எனக்கு ஏற்கெனவே தெரிந்த இடத்துக்குத்தான் போயிருக்கிறது.

நானூற்றைம்பது

அதற்குப் பிறகு ஐந்தரை பஸ்ஸில் பேசிக்கொண்டு போவது வழக்கமாகிவிட்டது. சாரே தம்பியாகிவிட்டது, நான் அக்கா என்று கூப்பிடுகிறேன். கையுறை போட்டால் எடை குறையும் என்பதால் பலர் போடுவதில்லை, சாம்பலைத் தொட்டுத் தொட்டுத் தல்லுவார்கள் என்று சொன்னார். கடையில் 180, 240, 320 என்று பருப்புக்கு எண் போட்டிருப்பது ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை பருப்பு நிற்கும் என்ற கணக்கு, எண் சின்னதாக ஆகப் பருப்பு பெரிது, விலையும் பெரிது. நான் நாற்பத்தாறு வயது வரை அதைக் கம்பெனி ரகசியம் மாதிரி நினைத்திருந்தேன். கிறிஸ்மஸுக்கு அவர் வீட்டில் முந்திரிக்கொத்து கொண்டுவந்து தந்தார். அதில் முந்திரி கிடையாது, சிறுபயறும் கருப்பட்டியும்தான். "நாள் முழுக்க அதத் தல்லிட்டு பலகாரத்துலயும் அதப் போடவா?" என்றார்.

ஒருநாள் புத்தகத்தைக் காட்டிக் கேட்டார், உங்களுக்கு இதில் என்ன கூலி. சொன்னேன். விலை 180 ரூபாய், முந்நூறு பிரதி, நூற்றுக்குப் பத்து எனக்கு. விற்றால். கண்ணை மூடவே இல்லை.

"அஞ்சாயிரத்தி நானூறு. கதை ஒண்ணுக்கு நானூத்தம்பது. எனக்க கதைய எத்தன நாளு எழுதினிய?"

"பதினோரு நாள்."

"அப்ப ஒரு நாளைக்கு நாப்பத்தொண்ணு ரூவா கூட வரல்ல." கொஞ்சநேரம் என்னை உண்மையான பரிவோடு பார்த்தார். நான் அவரைப் பார்த்து எழுதின பரிவு மாதிரியே இருந்தது. "எங்க ஆபீஸே கொள்ளாம் தம்பி."

பஸ்ஸில் பக்கத்தில் நின்ற இரண்டு பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பன்னிரண்டு கதையிலும் இல்லாத சிரிப்பு.

நான்காவது கதையைத் திரும்ப எழுதலாமா என்று முதலில் தயங்கினேன். அச்சானது அச்சானதுதான், நூற்று நாற்பது பிரதி இன்னும் பதிப்பாளரின் கட்டிலுக்கடியில் கிடக்கிறது, இரண்டாம் பதிப்பு என்பதெல்லாம் பேராசை. அப்படியும் உட்கார்ந்தேன். மாதா போனார், கொல்லாமரம் போனது, போர்டு வாசிக்கத் தெரியாத இடம் போனது. அவை போனபிறகு என் நடையில் பாதியும் போய்விட்டது. உதடு அசைவதில் ஆரம்பித்து, டிக்கெட்டுகளை எடுத்து, ஆறு நாள் எடையையும் அப்படியே வரிசையாக எழுதி, மேஸ்திரியின் மேஜைக்கு முன்னால் அவர் வாயைத் திறக்கிற இடத்தில் நிறுத்தினேன். எண்கள் நிறைந்த கதை. வெளியீட்டில் தண்ணீர் குடித்தவரிடம் காட்டினேன். "கணக்கு நிக்குது, கதை எங்கயோ போயிட்டு" என்றார். எனக்கும் அந்தச் சந்தேகம் இருக்கிறது. பழைய முடிவைப்போல அது யாரையும் கலங்கவைக்காது. மேஸ்திரியின் முன்னால் நடப்பதை நான் பார்த்ததில்லை, அவர் சொல்லித்தான் தெரியும். அதனால் அந்த அறைக்குள் போகாமல் வாசலிலேயே நிறுத்தியிருக்கிறேன். அது அடக்கமா பயமா என்று எனக்கே நிச்சயம் இல்லை.

போன வாரம் ஆறு தாளையும் பிரிண்ட் எடுத்து அவரிடம் கொடுத்தேன். பெயரை மாற்றியிருக்கிறேன், குடையின் நிறத்தை மாற்றியிருக்கிறேன், பஸ்ஸையும் மாற்றியிருக்கிறேன், பிடிக்காவிட்டால் கிழித்துப்போடலாம் என்றேன். இந்தத் திங்கட்கிழமை திருப்பிக் கொண்டுவந்தார். மகளும் வாசித்தாளாம். நன்றாக இருக்கிறதா என்று நான் கேட்பதற்கு முன்னாலேயே நான்காம் தாளை எடுத்து மடியில் விரித்தார். ஆறு நாள் எடைக்கும் கீழே நான் எழுதியிருந்த தொகையைப் பேனாவால் வட்டம் போட்டிருந்தது. 65 கிலோ 200.

"ஒரு கிலோ எங்க போச்சு தம்பி? மேஸ்திரி கூட நூறு எறநூறுதான் கொறப்பாரு."